மோட்டார் சைக்கிள் செயினை நாமே சுத்தம் செய்து, தொய்வு சரிசெய்து, எண்ணெய் இடுவது எப்படி?

மோட்டார் சைக்கிளைத் தம் கையாலேயே பராமரிக்கப் பழக விரும்புவோர் பலர் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவே முதலில் ஆசைப்படுகிறார்கள். என் கருத்தில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் செயின்தான். அது வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது, சாதாரணக் கருவிகளே அதற்குப் போதும், செய்த வேலையின் பலனும் வண்டியை எடுத்த சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஓடும் வண்டியில் செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கீழே விழ நேரலாம் என்பதால், ஒவ்வொரு படியையும் நிதானமாகச் செய்து, முடித்தபின் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

செயினுக்குள் என்ன இருக்கிறது

இன்று மோட்டார் சைக்கிள்களில் ஓடும் உருளைச் செயினின் அமைப்பு, 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது. பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சுற்றியுள்ள புஷ் என்னும் சிறு குழாய், புஷ்ஷின் மேல் சுழலும் உருளை ஆகியவையே அதன் உறுப்புகள். தேய்மானம் பெரிதும் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையில்தான் நிகழ்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் ஏற்படும் தேய்மானம் மிகச் சிறியதாக இருந்தாலும், நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அது சேரும்போது செயினின் மொத்த நீளம் கூடிவிடுகிறது. செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை.

உங்கள் வண்டியில் இருப்பது சாதாரணச் செயினா, ஓ-ரிங் செயினா என்று முதலில் பாருங்கள். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின், அல்லது அதன் மேம்பட்ட வடிவமான எக்ஸ்-ரிங் செயின். இவற்றில் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையே வேண்டிய கிரீஸைத் தயாரிப்பின்போதே வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். ஆகவே நாம் வெளியிலிருந்து இடும் எண்ணெய் உள்ளே போவதில்லை. ரப்பரைக் காயாமல் காப்பதும், துருவைத் தடுப்பதும், உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் இடையிலான உரசலைக் குறைப்பதுமே அதன் வேலை. சாதாரணச் செயினுக்கு அப்படி உள்ளே அடைக்கப்பட்ட கிரீஸ் கிடையாது என்பதால், நாம் இடும் எண்ணெய் தகடுகளின் இடுக்கு வழியாக ஊசிவரை இறங்கியாக வேண்டும், அதையும் அடிக்கடி இட வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரம் தானாகச் சுழலும்போது செயினைத் துடைக்கும் பழக்கத்தைச் சிலரிடம் காணலாம். துணியோ கையுறையோ செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது, விரல் துண்டாகிவிடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதைச் செய்யவே கூடாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டிலோ ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுவதே சரியான முறை. சைடு ஸ்டாண்ட் மட்டும் உள்ள வண்டியானால், சிறிது சிறிதாக உருட்டி நிறுத்தி வேலையைத் தொடரலாம்.

தேவையானவை மென்மையான தூரிகை, பழைய துணிகள், மண்ணெண்ணெய் அல்லது செயினுக்கென்றே விற்கும் சுத்திகரிப்பு ஸ்பிரே, செயின் எண்ணெய், அடிக்கோல், பின்சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டுக்கும் சரிசெய்யும் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர்கள், முடிந்தால் நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வண்டியுடன் வந்த கையேடு. உங்கள் வண்டிக்கு உரிய தொய்வின் அளவும், அதை எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும்.

சுத்தம் செய்தல்

சற்று ஓட்டிவிட்டு வந்து, செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது தொடங்கினால் அழுக்கு எளிதில் இளகும். டயரின் மீதும் பிரேக் டிஸ்க்கின் மீதும் எதுவும் தெறிக்காதபடி அட்டை ஒன்றை இடையில் செருகி வையுங்கள். தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினின் நான்கு பக்கங்களையும் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள். பெட்ரோல் பயன்படுத்த வேண்டாம். அது ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். கம்பித் தூரிகையும், மிகுந்த அழுத்தத்தில் பாயும் நீரும் ஓ-ரிங் செயினுக்கு ஆகாதவை. அழுக்கான மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் ஒரு புட்டியில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

தேய்மானத்தைப் பார்த்தல்

சுத்தமான செயினைச் சுழற்றியபடியே ஒவ்வோர் இணைப்பாகக் கவனியுங்கள். மடங்கிய இடத்தில் நிமிராமல் நிற்கும் இறுகிய இணைப்புகள், துரு, உடைந்த உருளை, காணாமற்போன ஓ-ரிங் ஆகியவை தென்பட்டால் செயின் தன் காலத்தை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு அது விலகி வந்தால் தேய்மானம் மிகுந்துவிட்டது. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் வளைந்திருந்தாலும் அதே முடிவுதான்.

நீளத்தை அளந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். தகட்டில் பொறித்திருக்கும் 428, 520 போன்ற எண்ணின் முதல் இலக்கம், இரண்டு ஊசிகளுக்கு இடையிலான தூரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகக் குறிக்கிறது. எனவே 428 செயினில் அந்தத் தூரம் 12.7 மில்லிமீட்டர், 520 செயினில் 15.875 மில்லிமீட்டர். எஞ்சின் அணைந்த நிலையிலேயே கியரில் போட்டு, சக்கரத்தை முன்னோக்கி அழுத்தித் திருப்பினால் கீழ்ப்பக்கச் செயின் விறைப்பாகும். அப்போது 21 ஊசிகளை எண்ணி, முதல் ஊசியின் மையத்திலிருந்து கடைசி ஊசியின் மையம்வரை அளக்க வேண்டும். புதிய 428 செயினில் அது 254 மில்லிமீட்டர், 520 செயினில் 317.5 மில்லிமீட்டர். அளவு 2 சதவீதம் கூடிவிட்டால், அதாவது ஏறத்தாழ 259 அல்லது 324 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓ-ரிங் செயின்களுக்குக் கையேடு இதைவிடக் குறைந்த வரம்பைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தொய்வை அளத்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கியரை மீண்டும் நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் அடிக்கோலை நிறுத்தி, விரலால் செயினைக் கீழே அழுத்தியும் மேலே தூக்கியும், அது நகரும் மொத்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும் பல வண்டிகளுக்கு இது 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உயரமான சஸ்பென்ஷன் கொண்ட கரடுமுரடான பாதைக்குரிய வண்டிகளுக்கு அதிகமாக இருக்கும். முழுதும் மூடிய செயின் கவர் உள்ள வண்டியில், கவரின் அடியிலோ பக்கத்திலோ உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் பார்க்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சரிசெய்வதை அந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். தொய்வான இடத்தில் அளந்து சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும்போது செயின் நாண் போல் விறைத்து நிற்கும்.

செயின் ஏன் சற்றுத் தொங்க வேண்டும் என்று தொடக்கநிலையினர் பலரும் கேட்பார்கள். பின்சக்கரம், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்னும் சட்டத்துடன் மேலும் கீழும் அசையும்போது, முன் பல்சக்கரத்துக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது. முன் பல்சக்கரத்தின் மையம், ஸ்விங் ஆர்ம் சுழலும் அச்சு, பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் மிக அதிகமாகிறது. ஆள் ஏறி அமர்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது இது நிகழ்கிறது. தொய்வே இல்லாத செயின் அந்த நொடியில் கியர்பாக்ஸின் வெளியச்சு பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் இழுக்கிறது, சஸ்பென்ஷனையும் முழுதாக அமுங்க விடுவதில்லை. அளவுக்கு மிஞ்சிய தொய்வும் ஆபத்துதான். ஆயினும் அது சத்தத்தாலும் குலுக்கலாலும் முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுக்கமோ பல நேரங்களில் பேரிங் கெடும்வரை வெளியே தெரியாது. அளவு எல்லைக்கோட்டில் இருக்கும்போது, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் தொய்வான பக்கம் நிற்பதையே நான் விரும்புவேன்.

தொய்வைச் சரிசெய்தல்

முதலில் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். அதில் நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி இருந்தால் முன்னதாகக் கழற்றிவிட்டு, மீண்டும் மாட்டும்போது புதியதைப் போடுங்கள். டிரம் பிரேக் வண்டிகள் சிலவற்றில், பிரேக் தட்டை ஸ்விங் ஆர்முடன் இணைக்கும் கம்பியின் நட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். பிறகு இருபுறமும் உள்ள பூட்டு நட்டுகளை இளக்கி, சரிசெய்யும் நட்டை ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் அதே கால் சுற்று என்று மாறி மாறித் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் தொய்வை அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் திருப்பினால் அளவைத் தாண்டிப் போய்விடும்.

சக்கரம் நேராக இருப்பது தொய்வைப் போலவே முக்கியம். ஸ்விங் ஆர்மில் இருபுறமும் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அக்கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து ஆக்சிலின் மையம்வரை இருபுறமும் அளந்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. சக்கரம் கோணலாக இருந்தால் பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாக உராய்ந்து பளபளக்கும், வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும்.

அளவு சரியானதும், சக்கரத்தை முன்புறமாக அழுத்திப் பிடித்தபடி ஆக்சில் நட்டைக் கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, அதன்பின் பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். பிரேக் தட்டுக் கம்பியின் நட்டைத் தளர்த்தியிருந்தால் அதையும் மறவாமல் இறுக்குங்கள். இறுக்கும்போது தொய்வு சற்று மாறக்கூடும் என்பதால் மீண்டும் ஒருமுறை அளந்தாக வேண்டும். பின்சக்கரம் பின்னோக்கி நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் கம்பி இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். மிதியின் தளர்வைச் சரிசெய்து, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கானால் மிதியைச் சில முறை அழுத்தி, அது உறுதியாக நிற்பதை உறுதிசெய்யுங்கள்.

செயினில் கழற்றி மாட்டும் இணைப்பு இருந்தால் அதன் கிளிப்பையும் பாருங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மேல்பக்கத்தில் அது வண்டியின் முன்புறம் நோக்கியும், கீழ்ப்பக்கத்தில் பின்புறம் நோக்கியும் இருக்கும்.

எண்ணெய் இடுதல்

கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளிலும் உருளைகளிலும் எண்ணெய் படும்படி, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இடுங்கள். உட்புறத்தில் இட்டால், வண்டி ஓடும்போது சுழற்சியின் விசையே அதை வெளிநோக்கி, வேண்டிய இடங்களுக்குத் தள்ளும். செயின் ஸ்பிரே இல்லாவிட்டால் 80W-90 கியர் ஆயிலைத் தூரிகையால் மெலிதாகத் தடவலாம். ஓ-ரிங் செயினுக்கானால், ஸ்பிரே டப்பாவில் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கால் மணி முதல் அரை மணி நேரம் விட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். மிகுதியாக விட்டுவைத்தால் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைக் கூட்டும். டயரில் தெறித்தால் வளைவில் வழுக்கும்.

ஏறத்தாழ 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இடுவதும், மழையிலோ சேற்றிலோ ஓட்டியிருந்தால் அன்றே துடைத்து எண்ணெய் இடுவதும் நல்ல வழக்கம்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் மெதுவான வேகத்தில், போக்குவரத்து இல்லாத சாலையில் சிறிது தூரம் ஓட்டுங்கள். பின் பிரேக்கை இரண்டொரு முறை சோதியுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் வரும் வெட்டல் குறைந்திருக்க வேண்டும். வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் புதிதாகக் கேட்டால் செயின் இறுக்கமாகிவிட்டதா என்று சந்தேகப்படுங்கள். செயின் கவரில் அடிபடும் சத்தம் வந்தால் தொய்வு மிகுதி. திரும்பி வந்ததும் ஆக்சில் நட்டையும் தொய்வையும் இன்னொருமுறை பாருங்கள்.

மாற்றும் நிலை வந்துவிட்டால் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பற்களில் ஓடும் புதிய செயின் விரைவில் கெட்டுவிடும். ஊசியின் முனையைத் தட்டி விரித்து மூடும் வகைச் செயினானால் அதற்கெனத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை; அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் செய்யும்போது அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.