இத்தாலிய நுரை ஒயின்: லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது

இத்தாலிய நுரை ஒயின் வாங்கும்போது பலரும் ஏமாறுவது இனிப்பு விஷயத்தில்தான். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் இனிப்பே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். 'டிரை' அதைவிட இனிப்பு, 32 கிராம் வரை போகும். இனிப்புக் குறைவாக வேண்டுமானால் 12 கிராமுக்கு மேல் போகாத 'புரூட்' எடுங்கள். பொரித்த கணவாய்க்கும் இறாலுக்கும் புரூட் வகைப் புரோசெக்கோ என்ற நுரை ஒயின் அருமையான துணை.

வெண்ணெய் மணக்கும் ரிசொட்டோ (இத்தாலிய அரிசி உணவு) என்றால் லொம்பார்டிப் பகுதியின் நுரை ஒயினான ஃபிராஞ்சகோர்த்தா. இது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, ஈஸ்ட்டோடு குறைந்தது 18 மாதங்கள் இருப்பதால் சுவையில் கனம் கூடுகிறது. விலையும் கூடுதல்தான்.

என் மனதுக்கு நெருக்கமானது எமிலியா-ரொமாஞா பகுதியின் லாம்புருஸ்கோ. பெரும்பாலும் சிவப்பு நிறம், மெல்லிய நுரை. அதன் புளிப்பும் லேசான துவர்ப்பும் கொழுப்பைச் சட்டென்று அறுத்துவிடும். அதே மண்ணின் மோர்ட்டடெல்லா (பன்றி இறைச்சித் தொத்திறைச்சி), பன்றித் தொடை இறைச்சி, பர்மிஜானோ பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள், ஏன் அங்கே அதைக் கொண்டாடுகிறார்கள் என்பது விளங்கும். உணவோடு அருந்த 'செக்கோ' (இனிப்புக் குறைந்த லாம்புருஸ்கோ) என்று குறித்ததையே தேடுங்கள்.

கேக்குக்குப் புரூட் வேண்டாம். இனிப்புக்கு முன் அது வெறும் புளிப்பாகத் தெரியும். பியட்மான்ட் பகுதியின் இனிப்பான ஒயின் மொஸ்காட்டோ தாஸ்தி போதும். ஆல்கஹாலும் ஏறக்குறைய 5 சதவீதம்தான். நன்றாகக் குளிரவைத்துத் திறங்கள்.