வாடை முடிந்து வள்ளம் இறக்க முதல் வோட்டர் பம்மைக் கழற்றிப் பாருங்கள்

மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் வாடைக் காலத்தில் மாதக்கணக்காகக் கரையில் கிடந்த மோட்டரை, காற்று விழுந்ததும் அப்படியே வள்ளத்தில் பூட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். புது மோட்டர் தாங்கும். இருபது வருடம் உழைத்த யமஹா எண்டியூரோவிலும் அதைவிடப் பழைய ஜோன்சன், எவின்றூட்டிலும் அப்படிச் செய்யாதீர்கள். என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றுவது வோட்டர் பம், அதற்குள் சுற்றுகிற இறப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். சும்மா கிடக்கும்போது அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும். பிறகு அது சுற்றும், ஆனால் தண்ணீர் ஏற்றாது. தண்ணீர் இல்லாத டூ ஸ்ட்ரோக் என்ஜின் சில நிமிடத்திலேயே சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். குருநகர், பாசையூர்ப் பக்கம் ஆழமில்லாத பரவைக் கடலில் ஓடுகிறவர்களுக்கு மணலும் சேறும்தான் எதிரி, அவை இதழின் நுனியையும் அது உரசுகிற தகட்டையும் சேர்த்தே தேய்த்துவிடும். அதனால் இம்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாது, அந்தத் தகட்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் சாமான். மோட்டரைப் பூட்டுகிற கிளாம்புப் பக்கத்தில் உள்ள தகட்டில் மாடல் இலக்கம் இருக்கும். உப்பு தின்று அழிந்துபோயிருந்தால் பழைய இம்பெல்லரையே கடைக்குக் கொண்டுபோய், குறுக்களவு, உயரம், நடுத் துளை, கீ (இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பிணைக்கிற சின்னத் துண்டு) உட்காரும் வெட்டு, இதழ்களின் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். எவின்றூட் மோட்டர் செய்வதை 2020இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே அந்த வகைக்குப் பெட்டியில் பல வருடம் கிடந்த சரக்கும் கைக்கு வரலாம். வாங்க முதல் இதழை விரலால் நன்றாக மடக்கிப் பாருங்கள். விட்டவுடன் நிமிர வேண்டும். வேரடியில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வேண்டாம், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

கழற்றும்போது மோட்டரை நிமிர்த்தி நல்ல உறுதியான பலகையில் மாட்டி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அப்போதுதான் தற்செயலாக ஸ்டார்ட் ஆகாது, பிறகு கையால் சுற்றவும் இலகு. கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பம் இருப்பது மோட்டரின் காலுக்குள், ஆகவே புறொபெல்லர் உள்ள கீழ்க்காலை இறக்க வேண்டும். அதற்கு முதல் கியர்க் கம்பி இணைப்பு. சின்ன யமஹாக்களில் காலின் முன்பக்கம் நட்டோடு கண்ணுக்குத் தெரியும், கழற்ற முதல் மரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடையாளம் வையுங்கள். பழைய ஜோன்சன், எவின்றூட் பலவற்றில் காலின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால்தான் இணைப்பு தெரியும். இதைக் கவனிக்காமல் கீழ்க்காலைப் பிடித்து இழுத்தால் கம்பி வளைந்துவிடும்.

இனிக் கீழ்க்காலைப் பிடித்திருக்கிற போல்ட்கள், இங்கேதான் பொறுமை வேண்டும். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட் வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருந்தால் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒட்டிப்போய்விடும். ஸ்பானரில் பைப்பைச் செருகி முறுக்கினால் தலை அறுந்து கையில் வரும், உடல் உள்ளே நிற்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, விடிய இன்னொரு தரம் விட்டு, போல்டின் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால், பெற்றோல் தாங்கியைத் தூரத்தில் வைத்துவிட்டு, போல்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஸ்பானரை ஒரே பக்கம் அழுத்தாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். பெரிய மோட்டர்களில் புறொபெல்லருக்கு மேலே உள்ள சின்ன வால் துண்டைக் கழற்றினால் அங்கேயும் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும்.

கீழ்க்கால் இறங்கியதும் டிரைவ் ஷாஃப்ட்டை (என்ஜினின் சுழற்சியைக் கீழே கொண்டுவருகிற தண்டை) சுற்றிப் பம் ஹவுசிங், அதாவது பம்மின் கூடு, தெரியும். அதன் போல்டுகளைக் கழற்றி மேலே உருவுங்கள். இம்பெல்லரோடு சேர்ந்து அரைநிலா வடிவக் கீ ஒன்று வரும், சின்னச் சாமான், மணலில் விழுந்தால் அவ்வளவுதான், கீழே ஒரு சாக்கை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது தண்ணீர்க் குழாய் வழியாக மேலே போய் என்ஜினுக்குள் எங்கேயோ அடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை.

ஹவுசிங்கின் உள்சுவரையும் அடித்தகட்டையும் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்குகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். யுத்த காலத்தில் எரிபொருளுக்கும் என்ஜின் வலுவுக்கும் கட்டுப்பாடு, சாமானும் வராது, அப்போது இருந்ததை வைத்துச் சமாளித்த கைகள் இங்கே நிறைய. அந்தத் திறமையை மதிக்கிறேன், ஆனாலும் கேஸ்கெட்டை (பாகங்களுக்கு நடுவே வைக்கிற மெல்லிய தாளை) மட்டும் தடித்த மட்டையில் வெட்டிப் போடாதீர்கள். தடிப்புக் கூடினால் இம்பெல்லருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்து இழுவை குறையும். கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் பம்முக்குக் கீழே ஷாஃப்ட்டில் இருக்கிற சீலையும் பார்த்து, பழுதென்றால் இந்தக் கையோடு மாற்றிவிடுங்கள்.

பூட்டும்போது கீயைக் கொஞ்சம் கிறீஸ் வைத்து ஒட்டி, இம்பெல்லரை அதன்மேல் இறக்குங்கள். ஹவுசிங்கின் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி மெதுவாக அழுத்திக்கொண்டே ஷாஃப்ட்டை மேலிருந்து பார்க்க மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள், இதழ்கள் தாமாக மடிந்து உள்ளே போகும். மறுபக்கம் திருப்பினால் இதழ் தலைகீழாக மடிந்து சீக்கிரம் கிழியும். ஷாஃப்ட்டின் பல்லுக்குப் பக்கங்களில் மட்டும் கிறீஸ், தலையில் வேண்டாம், அங்கே கட்டியாக நின்றால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போய் உட்காராது. கீழ்க்காலை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் ஹவுசிங்கின் இறப்பர் வளையத்துக்குள் நேராகப் போகிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பல்லுப் பொருந்தாவிட்டால் ஃபிளைவீலைக் கையால் கொஞ்சம் திருப்பினால் சரி. போல்ட்களுக்கும் கிறீஸ் தடவுங்கள். எல்லாம் பூட்டியதும் கியர் மூன்று நிலைக்கும் விழுகிறதா என்று பார்த்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.

சோதிப்பது பரலில், நல்ல தண்ணீரில், பம் மூழ்குமளவுக்கு நிரப்பி, நியூற்றலில். ஒரு விநாடிகூட வெறுமனே ஓட்ட வேண்டாம், இதழ் கருகும். அரை நிமிடத்துக்குள் பின்பக்கத் துளையால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பம்மைத் திரும்பக் கழற்ற முதல் தடித்த தங்கூசியை (நைலோன் நூலை) அந்தத் துளைக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள், உப்புக் கட்டியோ சாதாளைத் துணுக்கோதான் பெரும்பாலும் அடைத்திருக்கும். அப்படியும் வராவிட்டால் தண்ணீர்க் குழாய் வளையத்தில் உட்காராமல் வெளியே நிற்கலாம், கீழ்க்காலை மறுபடி இறக்க வேண்டியதுதான்.