ஒரு பழைய பேஸ்பால் மைதானத்தைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது எப்படி? ரிக்வுட் ஃபீல்டை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் மைனர் லீக் (பெரிய லீக்குக்குக் கீழ்நிலையிலுள்ள தொழில்முறைப் போட்டி) பேஸ்பால் மைதானங்கள், கையில் பெரிய முதலீடு இல்லாமல் முதல் ஆவணப்படம் எடுக்க நினைப்பவருக்கு மிகவும் ஏற்ற களம். பெரிய லீக் மைதானத்தில் எட்டாத உயரத்தில் இருக்கும் மனிதர்கள், இங்கே நுழைவாயிலிலேயே நின்று பேசுவார்கள். ஆனால் இந்த மைதானங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2020 வரை பெரிய லீக் அணிகளோடு இணைந்திருந்த மைனர் லீக் அணிகள் ஏறத்தாழ 160. 2021-இல் அவை 120 ஆகக் குறைக்கப்பட்டன. பேஸ்பால் வரலாற்றின் மிக நீண்ட தொழில்முறை ஆட்டம், 33 இன்னிங்ஸ், 1981-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மெக்காய் மைதானத்தில் நடந்தது. அந்த மைதானமே இன்று இல்லை.

படிகளை விளக்குவதற்கு, அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் உள்ள ரிக்வுட் ஃபீல்டை எடுத்துக்கொள்கிறேன். 1910 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்ட இது, அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் மிகப் பழையது.

முதல் படி: ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள்

‘மைதானத்தின் வரலாறு’ என்பது படத்துக்கான பொருள் ஆகாது. ரிக்வுட்டின் வரலாற்றை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால், எட்டு மணி நேரம் ஓடினாலும் பார்வையாளர் மனத்தில் எதுவும் தங்காது. படத்தைத் தாங்கி நிற்கக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். ரிக்வுட்டைப் பொறுத்தவரை நான் தேர்ந்தெடுக்கும் கேள்வி இதுதான்: இந்த மைதானத்தில் யார் எங்கே உட்கார அனுமதிக்கப்பட்டார்கள்?

இந்தக் கேள்விக்குள் மைதானத்தின் கதை முழுவதும் வந்துவிடும். இனப் பிரிவினை நிலவிய காலத்தில் இங்கே இரண்டு அணிகள் ஆடின. வெள்ளையர் அணியான பேரன்ஸ் வெளியூர் சென்றிருக்கும் நாள்களில், கறுப்பினத்தவரின் பிளாக் பேரன்ஸ் அணி அதே மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. பேரன்ஸ் ஆடும் நாளில் கறுப்பின ரசிகர்கள் வலப்பக்க மூலையிலிருந்த இருக்கைகளில் மட்டுமே அமர வேண்டும். பிளாக் பேரன்ஸ் ஆடும் நாளில் அவர்களே முதன்மைக் கூடத்தில் அமர்வார்கள். பேஸ்பால் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பின்னாளில் போற்றப்பட்ட வில்லி மேஸ், 1948-இல் தம் 17-ஆம் வயதில் பிளாக் பேரன்ஸுக்காக இந்தப் புல்தரையில்தான் ஓடினார். 1930-களில் பேரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் வருணனை செய்து புகழ்பெற்ற புல் கானர், பிறகு நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையராகி, 1963-இல் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற சிறுவர்கள் மீது நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் ஏவினார். இருக்கைகளைப் பற்றிய ஒரு சிறு கேள்வி எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஆய்வு

கேமராவைத் தொடுவதற்கு முன் இரண்டு, மூன்று மாதங்களாவது இதற்கு ஒதுக்க வேண்டும். பர்மிங்காம் பொது நூலகத்தின் ஆவணக் காப்பகத்திலும், 2015-இல் திறக்கப்பட்ட நீக்ரோ சதர்ன் லீக் அருங்காட்சியகத்திலும் தொடங்கலாம். நகரின் வெள்ளையர் நாளிதழ்களை மட்டும் படித்தால், பிளாக் பேரன்ஸ் என்றோர் அணி அரிதாகவே ஆடியது என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே ‘பர்மிங்காம் வேர்ல்ட்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பின இதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தை இரண்டு இதழ்களிலும் படியுங்கள். எது அச்சாகவில்லை என்பதும் உங்கள் படத்துக்கான செய்தியே.

கண்ணால் கண்டதையும் சரிபார்க்க வேண்டும். ரிக்வுட்டின் ஆடுகள எல்லையிலுள்ள மரச்சுவரில் இருந்த பழங்கால விளம்பரங்களும் கையால் எண் மாட்டும் ஸ்கோர் பலகையும் 1990-களில் ஒரு கதைப்படத்துக்காக அமைக்கப்பட்டவை. இது தெரியாமல், அவற்றை அருகில் காட்டி, பின்னணியில் 1920-களைப் பற்றிப் பேசினால் உங்கள் படம் பொய் சொல்லிவிடும். அந்த மரச்சுவருக்குப் பின்னே நிற்கும் பழைய கான்கிரீட் சுவர் உண்மையானது. 1948-இல் வால்ட் ட்ராப்போ அடித்த பந்து போய்ப் பட்ட இடத்தைக் காட்டும் பெருக்கல் குறி அதில் உள்ளது. கேமரா போக வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் படி: அனுமதி

மைதானம் யாருக்குச் சொந்தம், யார் நடத்துகிறார்கள் என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ரிக்வுட் நகராட்சியின் சொத்து. பெரும்பாலான இடங்களில் கட்டடம் ஒருவரிடமும் அணியின் பெயரும் சின்னமும் வேறொருவரிடமும் இருக்கும். இருவரிடமும் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். பேசுபவர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். படம் முடிந்தபின் தேடிப் போவது பெரும்பாடு.

நான்காம் படி: கருவிகள்

பின்னணியை மங்கலாக்கிக் காட்டக்கூடிய ஒரு கேமரா, உறுதியான முக்காலி, சட்டையில் மாட்டும் மைக், காற்றுத் தடுப்புறை போட்ட நீள மைக், தனி ஒலிப்பதிவுக் கருவி ஆகியவை போதும். பணம் குறைவாக இருந்தால் கேமராவில் சிக்கனம் பிடியுங்கள், மைக்கில் பிடிக்காதீர்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய கேமராவோடு அமெரிக்கா செல்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒன்று என்ற அமைப்பிலேயே இரவு ஆட்டத்தைப் பதிவு செய்தால், மைதான விளக்கொளி அலையலையாகத் துடிக்கும். கேமராவின் சிறிய திரையில் இது கண்ணுக்குப் படாது. நான் முதன்முதலில் எடுத்த இரவுக் காட்சிகள் மூன்று மணி நேரமும் இப்படித்தான் வீணாயின. வினாடிக்கு 24 அல்லது 30 சட்டகம் வைத்துக்கொண்டு, ஷட்டரை அறுபதில் ஒன்றுக்கு மாற்றி, ஒரு நிமிடம் பதிவு செய்து, அதை மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே படப்பிடிப்பைத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: மைதானத்தைப் படம்பிடித்தல்

ஆட்டமில்லாத ஒரு நாளில், விடியும் முன் போய் நில்லுங்கள். மூன்று நாள்களாவது அந்தக் காலியிடத்தோடு பழக வேண்டும். முதன்மைக் கூடத்தின் நடு இருக்கையில் உட்கார்ந்து, கண் மட்டத்தில் கேமராவை வைத்து, பந்து வீசும் மேட்டை ஒரு நிமிடம் அசையாமல் பதிவு செய்யுங்கள். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்க மூலைக்குப் போய், அதே லென்ஸில், அதே உயரத்தில், அதே மேட்டைப் பதிவு செய்யுங்கள். முதல் காட்சியில் அங்கே நிற்கும் ஊழியரின் முகம் தெரியும். இரண்டாவதில் அவர் ஒரு புள்ளி. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், பின்னணிக் குரல் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஒலியையும் இதே பொறுமையோடு சேகரியுங்கள். புல்லுக்கு நீர் பாய்ச்சும் குழாயின் சீற்றம், மடக்கு இருக்கை விழும் சத்தம், மரமட்டையில் பந்து சரியாகப் பட்டால் எழும் வறண்ட வெடிப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாத மைதானத்தின் அமைதியை மட்டும் இரண்டு நிமிடம் எடுத்துவையுங்கள்; படத்தொகுப்பில் வெட்டுகளை ஒட்டுவதற்கு அதுதான் பசை.

ஆட்ட நாளில் ஆட்டத்தைத் துரத்தாதீர்கள். அதைத் தொலைக்காட்சி நன்றாகவே செய்கிறது. கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். தடுப்பு வலை இல்லாத இடத்தில் நின்றால், களத்தைப் பார்க்க ஓர் ஆள் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். லென்ஸில் கண் வைத்திருப்பவருக்குப் பந்து வருவது தெரியாது.

ஆறாம் படி: நேர்காணல்

வயதில் மூத்தவர்களை முதலில் பதிவு செய்யுங்கள். வேறெந்த ஒழுங்கும் இதற்குப் பிறகுதான். 2024 ஜூன் 20 அன்று ரிக்வுட்டில் முதன்முறையாகப் பெரிய லீக் ஆட்டம் நடந்தது. அதன் நாயகராகக் கொண்டாடப்படவிருந்த வில்லி மேஸ் இரண்டு நாள் முன்னதாக, 93 வயதில் இறந்துவிட்டார்.

‘அந்தக் காலத்தில் பாகுபாடு இருந்ததா?’ என்று கேட்டால், ‘இருந்தது’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ‘எந்த வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள்? உங்கள் தந்தையார் எந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்? அங்கிருந்து பந்து வீசுபவரின் முகம் தெரிந்ததா?’ என்று கேளுங்கள். கேட்டபின் அமைதியாக இருங்கள். அதே 2024 ஆட்டத்தன்று, 1967-இல் பர்மிங்காம் அணிக்காக ஆடிய கறுப்பின ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சனிடம், இங்கே திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று நேரலையில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்கப்பட்டது. உணவகங்களிலும் விடுதிகளிலும் தாம் விரட்டப்பட்டதை அவர் விவரித்தபோது யாரும் குறுக்கிடவில்லை. அன்றைய நிகழ்ச்சிகளில் பலர் நினைவில் நிற்பது அந்தச் சில நிமிடங்களே.

நேர்காணலை ஆட்டம் நடக்கும்போது வைத்துக்கொள்ளாதீர்கள். ஒலிபெருக்கியில் ஓடும் இசை பேச்சோடு கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். அந்த இசைக்கான உரிமம் வாங்குவது அதைவிடக் கடினம்.

ஏழாம் படி: உரிமைகள்

ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பெரும்பாலான மைதானங்களில் பாடப்படும் ‘டேக் மீ அவுட் டு த பால் கேம்’ 1908-இல் வெளியான பாடல்; அமெரிக்காவில் அது பொதுவுடைமை. கூட்டம் பாடுவதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் பாடி வெளியிட்ட இசைத்தட்டுக்குத் தனி உரிமை உண்டு. தொலைக்காட்சிப் பதிவுகள், செய்திப் புகைப்படங்கள் அனைத்துக்கும் யாரிடம் கேட்க வேண்டும், என்ன கட்டணம் என்ற அட்டவணையை ஆய்வின் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

எட்டாம் படி: படத்தொகுப்பு

ஒவ்வொரு நாள் பதிவையும் அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் நகலெடுத்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். நேர்காணல்களை முழுமையாக எழுத்தில் பெயர்த்து, அச்சிட்டு, கத்தரிக்கோலால் துண்டுகளாக்கித் தரையில் பரப்பி வரிசையை முடிவு செய்வது பழைய முறைதான். இருந்தாலும் கணினித் திரையில் பிடிபடாத ஒழுங்கு தரையில் பிடிபடுகிறது. நீங்கள் எழுப்பிய கேள்விக்குத் தொடர்பில்லாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நீக்கிவிடுங்கள். முதல் படத்துக்கு 25 நிமிடம் போதுமானது.

ஒன்பதாம் படி: திரையிடல்

இறுதி வடிவத்துக்கு முன், படத்தில் பேசியவர்களை அழைத்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பெயரிலும் ஆண்டிலும் உள்ள பிழைகளை அவர்கள்தான் பிடிப்பார்கள். முதல் பொதுத் திரையிடல் அந்த ஊரிலேயே நடக்கட்டும். பர்மிங்காமுக்கென்றே 1999 முதல் நடந்துவரும் சைட்வாக் திரைப்பட விழா இருக்கிறது. படம் வெளியான பிறகு, வெட்டப்படாத நேர்காணல் கோப்புகள் அனைத்தையும், பேசியவர் பெயர், தேதி, பதிவு செய்த இடம் ஆகிய குறிப்புகளோடும் ஒப்புதல் படிவங்களின் நகல்களோடும் உள்ளூர் நூலகக் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். இதற்கு நேர்காணல் கொடுத்தவரின் சம்மதமும் தேவை என்பதால், அந்த வரியை மூன்றாம் படியில் வாங்கும் படிவத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.