சாவு மந்திரக் கதையில் சாவைக் காணோம்

மாந்திரீகம் கற்றுத்தரும் ஒரு பள்ளி, அங்கே செத்தவரை எழுப்பும் வித்தை படிக்க வரும் ஒரு மாணவன். இந்த மாதிரி இருள்புனைவு நாவலை மதுரைப் பக்கத்தில் வைத்து எழுத நினைப்பவர்கள் மந்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறார்கள். நூறு பக்கத்துக்குள் பத்துப் பேர் செத்தும் விடுகிறார்கள். ஒரு வீட்டிலும் கேதம் இருக்காது.

முதல் கோளாறு, உயிர் மலிவாகத் திரும்பி வருவது. விரலைக் கீறி இரண்டு சொட்டு ரத்தம் விட்டால் பிணம் எழுந்து நிற்கிறது. அப்புறம் அந்த ஊரில் சாவுக்கு யார் பயப்படுவார்கள்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டில் பேயைக் கண்டு மிரண்ட சார்ங்கலன் என்ற சிறுவன் செத்துப்போகிறான். என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள் தாய் கோதமை. முடியாது என்கிறது தெய்வம். அவள் விடுவதாக இல்லை. தெய்வம் தேவர்களையெல்லாம் வரவழைத்துக் காட்டியும் அதே பதில்தான். அத்தனை பேர் கூடியும் ஒரு பையனை எழுப்ப முடியவில்லை என்பதில்தான் அந்தக் காட்சியின் பலம். உங்கள் வித்தையில் எழுப்பலாம் என்றால், எவ்வளவு நேரத்துக்கு, யார் எதை இழந்து, எழுந்தவருக்கு என்ன மறந்துபோகும் என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். நாயகன் மாட்டிக்கொண்டான் என்பதற்காக நடுவில் விதியை மாற்றாதீர்கள்.

விதிகளுக்காக எங்கோ போய்த் தேடவும் வேண்டாம். நீர்மாலை எடுப்பது, கோடி போடுவது, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம், பதினாறாம் நாள் கருமாதி எல்லாம் இருக்கிறது. குடம் உடைவதற்குள் மந்திரம் முடிய வேண்டும், உடைந்தால் உயிர் திரும்பாது என்று வைத்துப் பாருங்கள். குடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்ததுமே வாசகருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

கறுப்பு அங்கி, மூடுபனி, மயான அமைதி மூன்றையும் முடிந்தால் விட்டுவிடுங்கள். இங்கே சாவு வீடு என்றால் சத்தம்: பறை, ஒப்பாரி, வெடி, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. அவ்வளவு சத்தத்துக்கு நடுவே ஒரு மாணவன் குனிந்து பிணத்தின் காதில் ஏதோ சொன்னால், பாழடைந்த கோட்டையைவிட அது பயமாக இருக்கும்.

எனக்கு ரொம்ப உறுத்துவது ஒன்று உண்டு. சாவு வித்தை ரத்தத்தில் வருவது, அதனால் அந்தக் குடும்பமே தீட்டு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுடுகாட்டு வேலையையும் பறையையும் பிறப்பைச் சொல்லிச் சிலர் தலையில் கட்டிய மண் இது. யோசிக்காமல் அதையே மந்திர உலகத்திலும் நட்டுவைப்பது அசட்டை. யோசித்து எழுதினால் கதையே வேறு: தலைமுறை தலைமுறையாகப் பிணத்தோடு புழங்கியவரின் மகளுக்கு இடம் தர மறுத்துவிட்டு, அவள் அப்பா அறிந்ததையே பாடமாக நடத்துகிற ஒரு பள்ளி. அந்த நாவல் வந்தால் நான் உடனே வாங்குவேன்.

களத்திலும் கவனம் வேண்டும். முதுமக்கள் தாழிக் காட்சியைக் கீழடியில் வைக்காதீர்கள்; அது மக்கள் வாழ்ந்த இடம். தாழிகள் கிடைத்த இடுகாடு பக்கத்திலுள்ள கொந்தகை. இரண்டும் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கின்றன. கீழக்குயில்குடி சமணர் மலையின் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் கொல்லாமையைப் போற்றியவர்களைப் பிணம் எழுப்புகிறவர்களாக்குவது அபத்தம். நாகமலைக்குப் பின்னால் இல்லாத மலை ஒன்றைக் கற்பித்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, பள்ளி என்று வந்தபின் தேர்வு, விடுதிச் சாப்பாடு, கட்டண பாக்கி எல்லாம் கொஞ்சமாவது தலைகாட்ட வேண்டும். எல்லோரும் செய்யுள் நடையில் பேசினால் பத்துப் பக்கம் தாங்காது. மந்திரம் மட்டும் பழந்தமிழில் இருக்கட்டும், வாத்தியார், "டேய், நேத்து எழுப்பிவிட்ட ஆள இன்னும் படுக்கப் போடலையா?" என்று மதுரைத் தமிழிலேயே திட்டட்டும்.