ஆனந்தின் ஒரு செஸ் ஆட்டத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி?

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸே போட்டியில், ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் லெவான் ஆரோனியனை விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடு 23 நகர்த்தலில் வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். குட்டி ஆட்டம், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

1. லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஒரு ஸ்டடி (ஆட்டத்தை அலசும் பக்கம்) திறந்து, ஆட்டத்தின் பிஜிஎன்னை, அதாவது நகர்த்தல்களின் பதிவை, ஒட்டுங்கள். சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுக் காட்டும் எஞ்சினை அணைத்துவிடுங்கள், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவதில் என்ன இருக்கிறது? நிஜப் பலகை ஒன்றையும் விரித்துக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் பார்த்தது என் தலையில் தங்குவதே இல்லை.

2. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க முறை, செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. முதல் 8 நகர்த்தல் போதும். வெள்ளை பிஷப் டி3 கட்டத்துக்கு வரும்வரை கறுப்பு காத்திருக்கிறது, பிறகுதான் சி4 சிப்பாயை வெட்டுகிறது. ஏன்? அதைத் திருப்பி வெட்ட பிஷப் இன்னொரு முறை நகர வேண்டும். உடனே பி5 சிப்பாய் வந்து அதை மறுபடி விரட்டுகிறது. இப்படிச் சம்பாதித்த நேரத்தில்தான் கறுப்பு பிஷப் பி7-இல் உட்காருகிறது, 12-வது நகர்த்தலில் சிப்பாய் சி5-க்குப் பாய்கிறது.

3. இனி 16-வது நகர்த்தல். நான் மாட்டியது இங்கேதான். கறுப்புக் குதிரை இ5-க்குப் போகிறது. ஜி4-இல் ஒன்று, டி7-இல் ஒன்று என இரண்டு குதிரைகளும் அங்கே போக முடியும். நான் பலகையில் ஜி4 குதிரையைத் தூக்கி வைத்துவிட்டு, இதில் என்ன மேதைமை என்று அரை மணி நேரம் முழித்தேன். நகர்த்தல் குறிப்பில் குதிரைக்கான எழுத்தை அடுத்து, எந்த வரிசைக் குதிரை என்று சொல்லும் ‘டி’ என்று ஓர் எழுத்து இருந்ததைக் கவனிக்கவே இல்லை! போக வேண்டியது டி7 குதிரை.

இப்போது பாருங்கள்: வெள்ளை அந்தக் குதிரையை எஃப் சிப்பாயால் வெட்டினால், கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டி செக். ராஜா ஹெச்1 போனால், ராணி ஜி1-இல் செக்! யானை வெட்டியே ஆக வேண்டும். ஜி4 குதிரை எஃப்2-இல் குதிக்கிறது, மேட். ஆரோனியன் இதில் விழவில்லை, ஜி4 குதிரையை வெட்டினார், ஆனாலும் தப்பவில்லை.

4. கடைசியாக எஞ்சினைப் போடுங்கள், நீங்கள் யோசித்த இடங்களில் மட்டும்.

பின்சேர்க்கை: ‘ஜி1 ராணியை ராஜாவே வெட்டலாமே?’ என்று இருவர் கேட்டார்கள். முடியாது. ராணி டி4-ஐ விட்டு நகர்ந்ததும், அதற்குள் சி5-க்கு வந்திருக்கும் கறுப்பு பிஷப்புக்கு ஜி1 வரை வழி திறந்துவிடுகிறது.