சம்பளம் உங்களுடையது, கார்ட் அவருடைய பேர்ஸில்: வெளியே வரும் வழி

ஏழு வருஷம் நான் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும் கணவரிடம் அன்றைய பஸ் காசுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். அடி உதை இல்லாததால் அதை வன்முறை என்று நினைக்கவே இல்லை. செலவுக்குக் காசு கேட்டால் உங்களிடமும் பில் கேட்கிறார்களா, வேலையை விடச் சொல்லி நெருக்குகிறார்களா, சீதன நகையைச் சொல்லாமல் அடகு வைக்கிறார்களா, வாசிக்க விடாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்களா? அப்படியென்றால் கீழே உள்ளதை இன்றைக்கே ஆரம்பியுங்கள், ஆனால் சத்தமில்லாமல்.

முதலில் பத்திரங்கள். அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடகுச் சீட்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம். போனில் படம் எடுத்து வைப்பதை நான் நம்புவதில்லை, அதே கூகுள் கணக்கு வீட்டு லேப்டாப்பிலும் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயும் தெரியும். போட்டோகொப்பி எடுத்து ஒரு உறையில் போட்டு அலுவலக லாச்சியில் பூட்டுங்கள்.

அடுத்தது புதுக் கணக்கு. இங்கேதான் நான் விழுந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறொரு வங்கிக்குப் போய்க் கணக்குத் திறந்தேன், படிவத்தில் பழைய நம்பரையே எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது, 5,000 ரூபாய் வரவு என்ற மெசேஜ் திரையிலேயே தெரிந்தது, அவர் வாசித்துவிட்டார். அந்தக் கணக்கையும் மூட வேண்டி வந்தது, திரும்ப ஆரம்பிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. ஆகவே முதலில் நம்பர், அப்புறம் கணக்கு. உங்கள் அடையாள அட்டையில் புது சிம் வாங்குங்கள் (பழையது அவர் பெயரில் இருக்கலாம், பாருங்கள்), அதைப் போடச் சின்ன பட்டன் போன் ஒன்று போதும், அதுவும் அலுவலகத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று வங்கியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் கொட்டாஞ்சேனையில் அக்காவின் முகவரியைக் கொடுத்தேன். சம்பளத்தை மாற்றும் கடிதம் மட்டும் கடைசியில், வீட்டை விட்டுக் கிளம்பும் வாரத்தில். முன்னமே கொடுத்தால் மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் பிணைகளையும் காட்டும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஒரு வேன் லீசிங்குக்கு நான் பிணை நிற்பது எனக்கு அதில்தான் தெரிந்தது.

சரி, இலங்கைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரப் பண உதவி கொடுக்கச் சொல்லவும், குடியிருக்கும் வீட்டை விற்காமல் தடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும். ஆனால் காசை முடக்குவது என்று அதில் தனியாக எழுதவில்லை, உடல் வன்முறையும் பாரதூரமான மனவதையும்தான் இருக்கின்றன. அதனால் என்றைக்கு என்ன நடந்தது, என்ன சொல்லி அவமானப்படுத்தினார் என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், அந்தக் கொப்பி எனக்கு மிகவும் உதவியது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், விவாகரத்து ஆகாமலேயே பிள்ளைகளுக்கும், சொந்தமாகச் செலவைப் பார்க்க முடியாவிட்டால் உங்களுக்கும் தாபரிப்புக் காசு கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையா, புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் மகளிர் உதவி இலக்கம் 1938. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கணக்கு, கடிதம் எதையும் பார்க்காமல் 119ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு தங்கை, சீதன வீடு தன் பெயரில்தானே இருக்கிறது, விற்றுவிட்டு வெளியேறலாமா என்று கேட்டாள். தேசவழமை (வடமாகாணத் தமிழருக்கான தனிச் சட்டம்) உங்களுக்குப் பொருந்தினால் கொழும்பில் குடியிருந்தாலும் அது கூடவே வரும். நகையை விற்கக் கணவரின் சம்மதம் தேவையில்லை, வீடு காணிக்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால், அல்லது கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்கு நாள் எடுக்கும், ஆகவே வெளியே வரும் செலவை அந்த வீட்டை நம்பிப் போடாதே தங்கச்சி, புதுக் கணக்கில் சேர்த்ததை மட்டும் வைத்துப் போடு.