ஆபீஸ் துப்புரவுச் செலவைக் குறைப்பது எப்படி? படிப்படியாக

முப்பது பேர் வேலை பார்க்கும், சுமார் 3000 சதுர அடி டைல்ஸ் தரை ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். செலவைக் குறை என்றதும் பலரும் மலிவு விலை ஃபினாயிலுக்கு மாறுவார்கள், அடுத்து ஆளைக் குறைப்பார்கள். ஒரே மாதத்தில் கழிவறை நாறத் தொடங்கும். துப்புரவு பில்லில் பெரிய தொகை ஆள் கூலிதான். அதனால் வீண் வேலையை எடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைக் கழிவறைக்கும் பேன்ட்ரிக்கும் கொடுங்கள்.

படி 1: எழுதிப் பாருங்கள்

எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று ஒரு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள். வேலை செய்யும் அக்காவிடமே கேளுங்கள். எது வீண் என்று அவருக்குத்தான் தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

படி 2: மேஜைக்கு அடியில் இருக்கும் குப்பைத் தொட்டிகளை எடுங்கள்

முப்பது தொட்டி, ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் தினமும் 15 நிமிடம். 26 வேலை நாளில் ஆறரை மணி நேரம், 780 குப்பைக் கவர். அதற்குப் பதில் மூன்று இடங்களில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என ஜோடியாக வையுங்கள். மக்காத தொட்டிக்குத் தினம் கவர் மாற்றத் தேவையில்லை. டீ மிச்சத்தை ஊற்ற பேன்ட்ரி சிங்க்கில் ஒரு வடிகட்டி வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாம் தொட்டிக்குள் போய், கவர் ஒழுகி, தரை துடைக்கும் வேலை இரண்டாகும்.

படி 3: கண்ணளவை நிறுத்துங்கள்

பொருள் செலவில் பணம் ஒழுகுவது இங்கேதான். தரை துடைக்கும் மருந்தின் லேபிளில் 1:50 என்று இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. ஐந்து லிட்டர் பக்கெட்டுக்கு 100 மில்லி. தினம் இரண்டு பக்கெட் என்றால் மாதம் 5.2 லிட்டர் போதும். கண்ணளவில் ஊற்றும்போது இது எளிதில் இரட்டிப்பாகும். ஒரு அளவுக் கப்பை கேனோடு கட்டித் தொங்கவிடுங்கள், பக்கெட்டின் உள்பக்கம் ஐந்து லிட்டர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தம் என்பது தப்புக் கணக்கு. மிஞ்சும் சோப்பு தரையில் படலமாகக் காய்ந்து தூசியைப் பிடிக்கும். காலையில் துடைத்த தரை மதியமே கருத்துவிடும். சோதிக்க, காய்ந்த தரையில் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டு விரலால் தேயுங்கள். நுரை வந்தால் படலம் இருக்கிறது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து எடுத்துவிட்டு, பிறகு சரியான அளவுக்கு வாருங்கள்.

படி 4: துணியில் கஞ்சத்தனம் வேண்டாம்

பழைய பனியன் துணி அழுக்கை இழுத்துப் பூசும். மைக்ரோஃபைபர் துணி நான்கு நிறத்தில் வாங்குங்கள்: கழிவறைக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், பேன்ட்ரிக்குப் பச்சை, மேஜைக்கு நீலம். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டிகளும் ப்ளீச்சும் போடக் கூடாது. மென்மையூட்டி இழைகளை அடைத்துவிடும், ப்ளீச் அரித்துவிடும்.

மாப் போட இரண்டு பக்கெட் வையுங்கள்: ஒன்றில் மருந்துத் தண்ணீர், மற்றதில் அலசும் தண்ணீர். முதலில் பெருக்கி, பிறகே துடைக்க வேண்டும். வாசலில் ஆள் இரண்டு மூன்று எட்டு வைத்து நடக்கும் நீளத்துக்குக் கால்மிதி போட்டால் மண் உள்ளே வருவது வெகுவாகக் குறையும்.

படி 5: எது தினம், எது வாரம்

கழிவறை, பேன்ட்ரி, கைப்பிடி, சுவிட்ச் ஆகியவை தினமும்; கழிவறை நாளுக்கு இரண்டு முறைக்குக் குறையக் கூடாது. யாரும் உட்காராத மீட்டிங் ரூமைத் தினம் துடைக்க வேண்டாம். கண்ணாடித் தடுப்பில் கைரேகை பட்ட இடம் மட்டும் தினம், முழுக் கண்ணாடி வாரம் ஒருமுறை. ஃபேன், ஏசி ஃபில்டர் மாதம் ஒருமுறை.

படி 6: ஆசிட்டை ஒதுக்குங்கள்

போர் தண்ணீர் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட் அரிக்கும், புகையில் ஸ்டீல் குழாய் கருக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட் தூள்) கரைத்து, துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் மார்பிளிலும் கடப்பா மேடையிலும் இதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சுண்ணாம்பு வகைக் கல், பளபளப்பு போய்விடும். ப்ளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட்டும், டாய்லெட் கிளீனரும் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய கழிவறையில் உயிருக்கே ஆபத்து.

படி 7: ஏஜென்சி கொட்டேஷன்

"இரண்டு ஆள், எட்டு மணி நேரம்" என்று எழுதாமல், படி 5-இன் பட்டியலை அப்படியே ஒப்பந்தத்தில் சேருங்கள். வந்த தொகையைப் பிரித்துப் பாருங்கள்: குறைந்தபட்சக் கூலி, முதலாளி பங்காக பிஎஃப் 13%, இஎஸ்ஐ 3.25%, ஏஜென்சி கமிஷன், மேலே 18% ஜிஎஸ்டி. இதற்கும் கீழே கொட்டேஷன் வந்தால், வராத ஆளுக்கு வருகை போடுகிறார்கள் அல்லது பிஎஃப் கட்டவில்லை. கட்டாத பிஎஃப், இஎஸ்ஐ பாக்கியை உங்களிடமே வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மாதாமாதம் பில்லோடு பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய சலான் நகலும் வந்தால்தான் பணம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.